வெறுமையாக்கப்பட்ட நிலத்துக்கு வரும் விருந்தாளிகள்
ஸ்கொட்லாந்து மலைநாட்டின் காணிக் கதை

ஸ்கொட்லாந்தின் வடக்கே குறொயிக் என்ற இடத்தில் ஒரு சிறிய கற்கட்டடத் தேவாலயம் இருக்கிறது. சுற்றிவர மலையும் புல்லும்தான். அதன் கிழக்குப் பக்க யன்னலில் பொருத்தியுள்ள கண்ணாடித் துண்டுகளை உற்றுப் பார்த்தால், வெளிப்புறத்திலிருந்து கூரான ஏதோ ஒன்றினால் கீறிய எழுத்துகள் தெரியும். 1845ஆம் ஆண்டு மே மாதம் அருகிலுள்ள கிளென்கால்விப் பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட கமக்காரக் குடும்பங்கள் கீறிய எழுத்துகள் அவை. போக இடமில்லாமல் எண்பது பேரளவில் தேவாலய முற்றத்து மயானத்திலே தறப்பாளும் போர்வையும் கட்டி, குழந்தைகளோடு இருந்தார்கள். தாங்கள் இங்கே இருந்தோம் என்பதையும் திகதியையும் எழுதினார்கள். அதோடு தங்களைப் பொல்லாத தலைமுறை என்றும் எழுதிவைத்தார்கள். காணி பறிபோனது தங்கள் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர்களும் அதை நம்பியிருந்தார்கள்.

இன்று அந்த யன்னலைப் பார்க்க உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். படம் எடுக்கிறார்கள். ‘எவ்வளவு அமைதியான இடம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த அமைதி எப்படி வந்தது என்பதை எல்லோரும் யோசிப்பதில்லை.

ஊரை விட்டு வந்து வேறிடத்தில் சீவிக்கும் எமது வாசகர்களுக்கு இக்கதையைச் சொல்லக் காரணம் உண்டு. சனம் குறைந்த கிராமப் பகுதிகளுக்கு இனி உல்லாசப் பயணத்துறைதான் வழி என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. கடற்கரை, குளம், காடு, பழைய கோட்டை என்று எதைக் கண்டாலும் விடுதி கட்டலாம் என்கிறார்கள். அந்தப் பேச்சு முழுப் பொய்யல்ல. ஸ்கொட்லாந்து மலைநாட்டில் பல குடும்பங்களுக்கு உல்லாசப் பயணிகளின் காசு அடுப்பெரிய உதவியிருக்கிறது. ஆனால் அதே மலைநாட்டில், அதே பயணிகள் வந்தும், ஊர் ஊராக வெறுமையாகிய இடங்களும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடிப் போனால், காணி யார் கையில் இருந்தது என்ற கேள்வியிலேதான் போய் நிற்கிறோம்.

நிலம் எப்படி வெறுமையானது

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். மலைநாட்டு நிர்வாகப் பிரதேசத்தின் பரப்பு 25,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். அதாவது எமது தீவின் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. அங்கே வாழ்வோர் இரண்டரை இலட்சம் பேர்கூட இல்லை. சதுர கிலோமீற்றருக்கு ஒன்பது பேரளவில். வடக்குக் கோடியிலுள்ள சதர்லாந்துப் பகுதியில் அது இரண்டரைப் பேரளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க: இலங்கையில் சனம் மிகக் குறைந்த முல்லைத்தீவு மாவட்டத்திலேயே 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீற்றருக்கு 35 பேருக்கு மேல் இருந்தார்கள்.

இது இயற்கையாக வந்த வெறுமை அல்ல. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அப்பள்ளத்தாக்குகளில் கேலிக் மொழி பேசும் சனங்கள் குலம் குலமாக வாழ்ந்தார்கள். மாடு வளர்த்தார்கள்; ஓட்ஸ், வாற்கோதுமை விதைத்தார்கள். குலத்தலைவனுக்கு வரியும் போர்ச்சேவையும் கொடுத்தார்கள். பதிலாக அந்த நிலத்தில் வாழும் உரிமை பரம்பரையாகத் தங்களுக்கு உண்டு என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை எந்தக் கடதாசியிலும் எழுதப்படவில்லை. 1746இல் கலோடன் போரில் மலைநாட்டுப் படைகள் தோற்ற பின் குலத்தலைவர்கள் மெல்ல மெல்ல வெறும் நிலச்சொந்தக்காரர்கள் ஆனார்கள். இலண்டனிலும் எடின்பரோவிலும் வாழ அவர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. நூறு குடும்பங்களிடம் சில்லறையாக வாரம் வாங்குவதைவிட, ஒரே செம்மறிப் பண்ணைக்காரனுக்கு முழுப் பள்ளத்தாக்கையும் குத்தகைக்கு விடுவது இலாபமாக இருந்தது.

சதர்லாந்தில் 1811க்கும் 1821க்கும் இடையில் ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டார்கள். 1814இல் ஸ்ட்ராத்நேவர்ப் பள்ளத்தாக்கில் வீடுகள் எரிக்கப்பட்டன. மரமே அரிதான அந்த நாட்டில் கூரை மரம்தான் ஏழையின் பெரிய சொத்து. அது எரிந்தால் திரும்பி வந்து கூரை போட முடியாது. இதை நடத்திய தோட்ட முகாமையாளர் பற்றிக் செல்லர் 1816இல் இன்வெர்னெஸ் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு விடுதலையானார். வெளியேற்றப்பட்ட நிலத்தைச் செம்மறிப் பண்ணைக்குக் குத்தகை எடுத்தவரும் அவரேதான். அறிவித்தல் கொடுப்பவனும் ஆதாயம் பெறுபவனும் ஒரே ஆளாக இருந்தால் நீதி எப்படி நடக்கும் என்று வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

வெளியேற்றப்பட்டோருக்குக் கடற்கரை ஓரத்தில் கல்லும் சேறுமான துண்டுக் காணிகள் கொடுக்கப்பட்டன. இதைக் ‘கிறொப்ட்’ என்பார்கள். அதை வைத்திருப்பவன் கிறொப்டர். இத்துண்டுகள் தவறுதலாகச் சிறியவையாக அமைந்தவையல்ல. அதில் விளைவதைக்கொண்டு ஒரு குடும்பம் வருடம் முழுவதும் சீவிக்கக்கூடாது, சீவித்தால் கூலிக்கு வரமாட்டார்கள் என்று எண்ணியே அளந்தார்கள். கடற்பாசியை எரித்துச் சாம்பலாக்கும் வேலைக்கும் மீன்பிடிக்கும் ஆள் தேவையாக இருந்தது. கண்ணாடி, சவர்க்காரம் செய்ய அச்சாம்பல் பயன்பட்டது. 1815இல் நெப்போலியனின் போர் முடிந்து வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வரத் தொடங்கியதும் அத்தொழில் விழுந்தது. 1846இல் உருளைக்கிழங்கு நோய் வந்தது. மிச்சமிருந்தோரில் பலர் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள்.

அந்த நாட்டு ஊர்ப்பெயர்கள் எமக்கும் அந்நியமல்ல. ஸ்கொட்லாந்துத் துரைமார் பலர் இங்கே தோட்டம் திறந்தபடியால் பெல்மோரல், அபர்கெல்டி, டன்சினேன் என்று மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு அங்குள்ள பெயர்களையே வைத்தார்கள். லயத்தில் பிறந்து வன்னிக்கு வந்து குடியேறி, அங்கிருந்தும் இடம்பெயர்ந்த குடும்பங்களின் வாயில் இப்பெயர்கள் இன்றும் புழங்குகின்றன.

முதல் உல்லாசப் பயணிகள்

விசித்திரம் என்னவென்றால், சனம் வெளியேற்றப்பட்ட அதே ஆண்டுகளில்தான் மலைநாட்டுக்கு உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். 1810இல் வோல்ற்றர் ஸ்கொட் ஏரி ஒன்றைப் பற்றிய நெடும் பாடல் ஒன்றை வெளியிட்டார். அதை வாசித்தவர்கள் கற்றின் ஏரியைப் பார்க்கக் குதிரைவண்டிகளில் திரண்டார்கள். 1852இல் அரச குடும்பம் பால்மோரல் தோட்டத்தை வாங்கியதும், செல்வந்தர்கள் எல்லோருக்கும் மலைநாட்டில் ஒரு வேட்டை மாளிகை வேண்டியதாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவுஸ்திரேலியா, நியூசிலாந்துக் கம்பளியும் இறைச்சியும் வந்து செம்மறி விலை சரிந்தபோது, சொந்தக்காரர்கள் ஆடுகளையும் அகற்றிவிட்டு நிலத்தை மான்வேட்டைக்கு விட்டார்கள். அதற்கு ‘மான்காடு’ என்று பெயர். பெயர்தான் காடு, பெரும்பாலான இடங்களில் மரம் கிடையாது. முளைக்கும் கன்றை மான் தின்றுவிடும்.

இந்த முதலாவது உல்லாசப் பயணத்துறையினால் உள்ளூர்ச் சனங்களுக்கு என்ன கிடைத்தது? வேட்டைக்காரருக்கு வழிகாட்டும் வேலை, துப்பாக்கி சுமக்கும் வேலை, மாளிகைச் சமையலறையில் பெண்பிள்ளைகளுக்குச் சில மாத வேலை. வேட்டைக் குத்தகைப் பணம் ஊருக்கு வரவில்லை. சொந்தக்காரன் எங்கே இருந்தானோ அங்கே போயிற்று. உல்லாசப் பயணிகள் வந்தார்கள், காசும் வந்தது, ஊர் மட்டும் தேய்ந்துகொண்டே போயிற்று. ஸ்கை தீவில் 1841இல் 23,000 பேர் இருந்தார்கள். 1971இல் ஏழாயிரம் பேரளவில்தான் மிஞ்சினார்கள்.

ஒரு சட்டம் கட்டிய வீடு

1882இல் ஸ்கை தீவின் பிறேஸ் என்ற ஊர்க் கிறொப்டர்கள், தங்களிடமிருந்து எடுக்கப்பட்ட பென் லீ மலை மேய்ச்சல்தரையைத் திருப்பித் தரும்வரை வாரம் கட்டமாட்டோம் என்று நின்றார்கள். கிளாஸ்கோ நகரத்திலிருந்து ஐம்பது பொலிசார் வரவழைக்கப்பட்டார்கள். பெண்கள் முன்னின்று கல்லெறிந்தார்கள். விஷயம் இலண்டன் பாராளுமன்றம்வரை போய், 1883இல் நேப்பியர் பிரபுவின் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. குழு தீவு தீவாகச் சென்று கமக்காரரின் வாயாலேயே சாட்சியம் கேட்டது. பிறேசில் முதற் சாட்சி சொல்ல வந்தவர், உண்மை சொன்னதற்காகத் தன்னைக் காணியிலிருந்து எழுப்பமாட்டார்கள் என்று உறுதி தரும்படி முதலில் கேட்டார். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது.

1886ஆம் ஆண்டுக் கிறொப்டர் சட்டம் நான்கு விடயங்களைக் கொடுத்தது. வாரம் ஒழுங்காகக் கட்டும்வரை எழுப்ப முடியாது. நியாயமான வாரத்தை ஓர் ஆணைக்குழு தீர்மானிக்கும். உரிமை பிள்ளைகளுக்குப் போகும். காணியை விட்டுப் போகும்போது தான் கட்டிய வீடு, போட்ட வேலி, வெட்டிய வடிகால் ஆகியவற்றுக்கு நட்டஈடு கிடைக்கும். ஆனால் ஏற்கெனவே வெளியேற்றப்பட்டவர்களின் பள்ளத்தாக்குகளை அது திருப்பிக் கொடுக்கவில்லை. காணியே இல்லாமல் பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கும் ஒன்றும் தரவில்லை. இக்குறையை இன்றும் அங்கே பேசுகிறார்கள்.

ஆயினும் நாலாவது விடயத்தைக் கவனியுங்கள். அதுவரை கிறொப்டர் நல்ல வீடு கட்டமாட்டான். கட்டினால் வாரம் ஏறும், அல்லது வீட்டோடு காணி பறிபோகும். சட்டம் வந்தபின் சனங்கள் கல்வீடு கட்டத் தொடங்கினார்கள். அந்த வீடுகளும் அவற்றின் பின்னால் எழுந்த வீடுகளுந்தான் 20ஆம் நூற்றாண்டில் மோட்டார்க் கார்களில் பயணிகள் வந்தபோது அவர்களுக்கு அறையாகின. வீட்டுக்காரி இரண்டு அறையை ஒதுக்கி, இரவு படுக்கையும் காலைச் சாப்பாடும் கொடுத்தாள். முட்டை சொந்தக் கோழியுடையது. மீன் பக்கத்து வீட்டு வள்ளத்தில் வந்தது. அவள் வாங்கிய காசு அந்த வாரமே ஊர்க் கடையில் செலவாயிற்று. பெரிய ஹோட்டல் ஒன்று கட்டுவதற்கு வெளியிலிருந்து முதலும் முகாமையாளரும் வரவேண்டும். இதற்கு வேண்டியது உறுதியான கூரையும் வீட்டாரின் உழைப்புமே. ஒருவன் நிம்மதியாகச் சுவர் எழுப்புவதற்கு, அந்தச் சுவர் தன் பிள்ளைக்குப் போகும் என்ற நிச்சயம் வேண்டும். அந்த நிச்சயத்தை 1886இல் போராடி எடுத்திருக்காவிட்டால், உல்லாசப் பயணிகள் வந்தபோது கதவைத் திறக்க அங்கே கதவே இருந்திராது.

இருந்தும், அறை வாடகையை மட்டும் நம்பி எவரும் இருந்ததில்லை. பயணிகள் வருவது பெரும்பாலும் ஈஸ்ரர் தொடக்கம் ஒக்ரோபர்வரை. மாரியில் மழையும் இருட்டும். ஆகவே ஒரே ஆள் ஆடும் வளர்ப்பான், பாடசாலை பஸ்ஸும் ஓட்டுவான், சல்மன் மீன் பண்ணையிலும் வேலை செய்வான். மனைவி தபால் கொண்டுபோவாள், கோடையில் அறையும் விடுவாள். 2001இல் ஆடு மாடுகளின் கால்வாய் நோய் பிரித்தானியாவில் பரவியபோதும், 2020இல் கொரோனாவினால் வீதிகள் வெறிச்சோடியபோதும் ஒரே தொழிலை நம்பியவர்களே அதிகம் விழுந்தார்கள்.

தனி உறுதியா, கூட்டு உறுதியா

இங்கே எமது சனங்களுக்கு மிக நெருக்கமான கேள்வி ஒன்று வருகிறது. காணிக்கு விற்கக்கூடிய முழு உறுதி கிடைப்பது நல்லதா?

ஸ்கை தீவில் கிளென்டேல் என்ற தோட்டத்தை 1904இல் அரச சபை ஒன்று வாங்கி, 50 ஆண்டுத் தவணையில் கிறொப்டர்களுக்கே சொந்தமாக்கியது. அக்காலத்தில் அது பெரிய வெற்றி. அதே தீவின் கில்மியூர்க் கிறொப்டர்கள் அப்படிச் சொந்தமாக்க மறுத்து, அரசின் குத்தகைக்காரராகவே இருந்துகொண்டார்கள். பலர் அவர்களைப் புத்தியில்லாதவர்கள் என்றார்கள். ஆனால் தவணை முடிந்து காணி முழுச் சொந்தமான பின், கிளென்டேலில் காணிகள் ஒன்றொன்றாக வெளியாருக்கு விலைப்பட்டன. இலண்டன் விலை கொடுக்கக்கூடியவனோடு ஊர் இளைஞன் போட்டிபோட முடியாது.

1976ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாக் கிறொப்டர்களுக்கும் தங்கள் காணியை வருட வாரத்தின் பதினைந்து மடங்கு விலைக்கு வாங்கும் உரிமையைத் தந்தது. வீட்டு வளவை அதைவிட அற்பமான விலைக்கு எடுக்கலாம். வங்கிக் கடன் பெற அது உதவிற்று. பிள்ளைக்கு வீடு கட்ட நிலம் பிரிக்க உதவிற்று. கூடவே கடல் தெரியும் வளவுகள் விடுமுறை வீடுகளாக மாறுவதற்கும் வழி திறந்தது. இதன் பின்னர்தான் 2010இல் புதிய சட்டம் வந்து, கிறொப்டர் தன் காணியிலிருந்து 32 கிலோமீற்றருக்குள் வசிக்கவேண்டும், நிலத்தைப் பயிர்செய்யவேண்டும் அல்லது வேறு பயனுள்ள காரியத்துக்கு எடுக்கவேண்டும் என்று விதித்தது. கிறொப்ட் என்பது நாற்புறமும் சட்டத்தால் வேலியடைத்த ஒரு துண்டு நிலம் என்று அங்கே பகிடி சொல்வார்கள். பகிடிதான், ஆனால் வேலி இல்லாத பக்கத்தால் மாடு எப்படிப் போயிற்று என்பதை அவர்கள் கண்டுவிட்டார்கள்.

உறுதி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. உறுதியில்லாமல் அலைந்தவர்களுக்கு அப்படிச் சொல்வது பாவம். தனிச் சொத்தும் அல்லாமல், தூரத்து முதலாளியின் சொத்தும் அல்லாமல் மூன்றாவது வழி ஒன்றை மலைநாட்டார் கண்டுபிடித்தார்கள் என்பதையே சொல்ல வருகிறேன்.

அசின்ட் பகுதியிலுள்ள வட லொக்கின்வர்த் தோட்டம் 21,000 ஏக்கர். 13 சிறு ஊர்கள். நூற்றுக்கு மேற்பட்ட கிறொப்டர்கள். 1989இல் ஒரு வெளிநாட்டுக் கொம்பனி அதை வாங்கி, 1992இல் முறிந்துபோயிற்று. காணி ஏழு துண்டாக விற்பனைக்கு வந்தது. விற்பனைப் பிரசுரம் அந்த நிலத்தை மனிதன் அந்நியனாக நிற்கும் வனாந்தரம் என்று வருணித்தது. அந்த வனாந்தரத்தில்தான் நூறு குடும்பங்கள் தலைமுறையாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்தன!

கிறொப்டர்கள் பாடசாலை மண்டபத்தில் கூடித் தாங்களே வாங்குவதென்று தீர்மானித்தார்கள். அவர்களிடம் பணம் இருக்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. வேறு எவராவது தோட்டத்தை வாங்கினால், நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் காணியைச் சட்டப்படி அற்ப விலைக்கு எடுத்துக்கொள்வோம், உமக்கு ஓட்டை விழுந்த தோட்டம்தான் மிஞ்சும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். தனியாக வாங்கும் உரிமையைக் கூட்டாக வாங்குவதற்கான ஆயுதமாக்கிய கெட்டித்தனம் இது. பொதுமக்களின் நன்கொடை, அரச நிறுவனங்களின் உதவி, கொஞ்சம் கடன் எல்லாம் சேர்த்து 1993 பெப்ரவரியில் 300,000 பவுணுக்குத் தோட்டம் கிறொப்டர் சங்கத்தின் கைக்கு வந்தது.

அதன் பின் அவர்கள் செய்தவை ஆரவாரமானவை அல்ல. ஏரிகளில் தூண்டில் போட வரும் பயணிகளிடம் அனுமதிச் சீட்டு விற்றார்கள். முன்பு அந்தப் பணம் தோட்டச் சொந்தக்காரனுக்குப் போனது. உள்ளூர் மரங்களை நட்டார்கள். இளம் குடும்பங்களுக்கு வீட்டு நிலம் ஒதுக்கினார்கள். ஓர் ஏரித் தண்ணீரில் சிறு நீர்மின் நிலையம் கட்டி மின்சாரம் விற்றார்கள். உல்லாசப் பயணம் அங்கே ஒரு வருமானம். ஒரே வருமானம் அல்ல.

எக் என்ற தீவின் கதை இன்னும் தெளிவானது. பரப்பு ஏறக்குறைய 31 சதுர கிலோமீற்றர். ஒருவர் பின் ஒருவராக வந்த தனியார் சொந்தக்காரர்களின் கீழ் பெரும்பாலானோருக்கு எழுத்துமூலமான குத்தகை இருக்கவில்லை. எழுத்து இல்லாததால் கடன் இல்லை. கடன் இல்லாததால் கூரை ஒழுகிற்று. 1997 யூன் 12ஆம் திகதி, ஆயிரக்கணக்கானோரின் சிறு நன்கொடைகளோடும் பெயர் வெளியிடாத ஒருவரின் பெரிய கொடையோடும், 15 இலட்சம் பவுணுக்கு ஒரு பொறுப்பு நிதியம் தீவை வாங்கிற்று. தீவாரின் சங்கம், மலைநாட்டு நிர்வாக சபை, காட்டுயிர்ப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று ஆகிய மூன்றும் அதில் பங்காளிகள்.

முதல் வேலைகளில் ஒன்றாக இறங்குதுறையில் ஒரு கட்டடம் எழுப்பினார்கள். கடை, தேநீர்ச்சாலை, கைப்பணிப் பொருள் விற்கும் இடம் எல்லாம் அதற்குள். வெளியார் தீவுக்குக் கார் கொண்டுவர முடியாது. இதை நான் மெச்சுகிறேன். கார் இல்லாத பயணி நடக்கவேண்டும், அல்லது தீவாரிடம் சைக்கிள் எடுக்கவேண்டும், வான் பிடிக்கவேண்டும். பசித்தால் இறங்குதுறையில்தான் சாப்பிடவேண்டும். விருந்தாளி எந்த வழியால் வருவான், எங்கே நிற்பான் என்பதைத் தீவாரே தீர்மானித்தபடியால் காசும் அங்கேயே நின்றது. 2008வரை வீட்டுக்கு வீடு டீசல் ஜெனறேற்றர் இரைந்தது. அந்த ஆண்டு முதல் நீர், காற்று, வெயில் மூன்றையும் சேர்த்துத் தங்கள் சொந்த மின்சாரத்தை ஓட்டுகிறார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாற்றுக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது கட்டுப்பாடு. எல்லா வீடுகளுக்கும் ஒரே அளவு. வாங்கியபோது தீவில் அறுபத்துச் சொச்சம் பேர். இப்போது நூறுக்கு மேல். போன பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்து வீடு கட்டியிருக்கிறார்கள்.

2003இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் காணிச் சீர்திருத்தச் சட்டம் இயற்றி, இப்படிக் கூட்டாக வாங்கும் உரிமையைச் சட்டமாக்கிற்று. கிறொப்டர் சமூகங்கள் சொந்தக்காரன் விற்க விரும்பாவிட்டாலும் வாங்கக் கேட்கலாம். மேற்குத் தீவுகளில் இன்று பெரும்பான்மைச் சனங்கள் வாழ்வது சமூகத்துக்குச் சொந்தமான காணியில்.

வீதி ஓடுகிறது, ஊர் நிற்கிறது

இனி மறுபக்கம். 2015இல் வடக்குக் கரையைச் சுற்றி 516 மைல் நீளமான வீதிச் சுற்று ஒன்றுக்கு ‘நோர்த் கோஸ்ட் 500’ என்று பெயர் வைத்து விளம்பரப்படுத்தினார்கள். வீதி புதிதல்ல; பெயர்தான் புதிது. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். ஹோட்டல்களுக்கும் எரிபொருள் நிலையங்களுக்கும் அது நல்ல காலம். ஆனால் பல இடங்களில் அது ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய ஒற்றை வீதி. எதிரே வாகனம் வந்தால் ஒதுங்கும் இடம்வரை ஒருவர் பின்னால் எடுக்கவேண்டும். படுக்கையும் அடுப்பும் உள்ள பெரிய வான்களில் வருவோர் இன்வெர்னெஸ் நகரச் சந்தையில் சாமான் ஏற்றிக்கொண்டு, இரவில் வீதியோரம் நிறுத்திப் படுத்து, குப்பையை மட்டும் ஊரில் விட்டுவிட்டுப் போவது பெரிய முறைப்பாடு. எக் தீவின் இறங்குதுறையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் ஊரார் வாசலில் நிற்கிறார்கள். மற்றதில் வாசலே இல்லை.

அதைவிடப் பெரிய தலையிடி வீடு. பயணிகள் அதிகரிக்க அதிகரிக்க, வருட வாடகைக்குக் குடும்பத்துக்குக் கொடுப்பதைவிட வார வாடகைக்குப் பயணிக்குக் கொடுப்பது இலாபம் என்று வீட்டுச் சொந்தக்காரர் கணக்குப் பார்த்தார்கள். வெளியூரார் விடுமுறைக்கென்று வாங்கிப் பூட்டிவைக்கும் வீடுகள் வேறு. ஸ்கை தீவில் ஹோட்டல்காரர் வேலைக்கு ஆள் தேடினால், ஆள் தங்க வீடு கிடையாது. தாதி, ஆசிரியர், பஸ் சாரதி எல்லோருக்கும் இதே கதை. செம்மறிக்காகச் சனம் வெளியேறிய நாட்டில் இப்போது விருந்தாளிக்காக வெளியேறுகிறது என்று அங்குள்ளோர் கசப்போடு சொல்கிறார்கள். தீ வைப்பதோ பொலிஸ் வருவதோ இல்லை. வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவதில்லை, அவ்வளவுதான்.

அரசும் பேசாமல் இருக்கவில்லை. குறுங்கால வாடகைக்கு வீடு விடுவோர் அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும் என்று 2022இல் விதி வந்தது. 2024 மார்ச்சிலிருந்து மலைநாட்டின் பேடினொக், ஸ்ட்ராத்ஸ்பே பகுதியில் தான் குடியிராத முழு வீட்டை அப்படி மாற்றத் திட்டமிடல் அனுமதியும் வேண்டும். தன் வீட்டில் ஓர் அறையை விட்டுப் பிழைக்கும் வீட்டுக்காரியும் இந்தக் கடதாசி வேலையில் அகப்பட்டுக்கொண்டாள் என்பது உண்மையான குறை. பத்து வீடு வைத்திருப்பவனையும் அவளையும் ஒரே பெயரால் அழைப்பது சரியாகப் படவில்லை.

ஊரார் தாமே செய்த காரியமும் ஒன்றுண்டு. ஸ்கை தீவின் வடகிழக்கே ஸ்டாபின் என்ற இடத்துக்கு, அங்குள்ள மலைப்பாறைகளைப் பார்க்கக் கோடையில் வாகனங்கள் வரிசையாக வரும். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே சாதாரண குடும்பத்துக்குக் கட்டுப்படியான வாடகையில் ஒரு புதுவீடுகூட எழவில்லை. பாடசாலையில் பிள்ளைகள் குறைந்துகொண்டு போனார்கள். ஊர்ப் பொறுப்பு நிதியம் வீடமைப்பு நிறுவனங்களோடு சேர்ந்து நிலம் எடுத்து, பல ஆண்டு அலைச்சலுக்குப் பின் ஆறு வீடுகளையும் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தையும் சில தொழிற் கூடங்களையும் கட்டி முடித்தது. ஆறு வீடுகளும் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கானவை, விடுமுறைக்கு அல்ல.